கை பாக்கப் போனவரு

"ரெண்டு விதமா செய்யலாம் அங்கிள். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

டாக்டர் நடராஜா இப்படிச் சொன்னதும் ஏசுதாசன் வேற யாருகிட்டயோ கேக்குறாருன்னு பின்னால திரும்பிப் பாத்தாரு. அறுபத்தாறு வயசு மனுசன். சுங்கை லாலாங் பக்கத்துல ஒரு கித்தா தோட்டத்துல, அதாவது ரப்பர் தோட்டத்துல, முப்பது வருசத்துக்கு மேல லோரி ஓட்டுனவரு. ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரு சொல்லுவாரு, நாம தலையாட்டுவோம். அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். எண்பத்து நாலாம் வருசத்துல ஒரு டாக்டரு நம்ம மூஞ்சியப் பாத்து 'நீங்க சொல்லுங்க'ன்னா, யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

கட்டில்ல அவரு சம்சாரம் பிரிஜெட் படுத்திருந்தாங்க. சோத்துக்கை, அதாவது வலது கை, நெஞ்சோட சேத்துக் கட்டியிருந்திச்சு. தோள்லேருந்து முழங்கை வரைக்கும் கன்னிப் போய் கருநீலமா கெடந்திச்சு. போன வெள்ளிக்கிழம வீட்டுப் பின்னால கால்வா மேல போட்டிருந்த பலகையில பாசி வழுக்கி, கையில துணி வாளியோட அப்படியே தோள்பட்டை அடிபட விழுந்தாங்க. அன்னைக்கி லயத்துல, அந்த வரிச வீடுங்கள்ல இருந்த அத்தன பேருக்கும் கேட்டிருக்கு அந்தச் சத்தம்.

டாக்டரு எக்ஸ்ரேய ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிக் காட்டுனாரு. சின்னப் பையன்தான், முப்பது வயசுகூட இருக்காது. ஆனா பொறுமையா சொன்னாரு.

"இங்க பாருங்க, தோள்பட்டைக்குள்ள உருண்டையா இருக்கே, அது எலும்போட தலை. நாலு துண்டாப் போயிருச்சு. சும்மா கையக் கட்டித் தொங்க விடலாம், ஆனா துண்டுங்க ரொம்ப வெலகி இருக்கு. ஸ்பெஷலிஸ்ட் ஆபரேஷன்தான் யோசிக்கிறாரு. ஒன்னு, துண்டையெல்லாம் ஒன்னா சேத்து பிளேட் வெச்சி ஸ்க்ரூ அடிக்கிறது. ஒட்டிக்கிச்சுன்னா கை நல்லா மேல போவும், சொந்த எலும்பு. ஆனா வயசானவங்க எலும்பு ஊறுன பலகை மாதிரி அங்கிள். ஸ்க்ரூ நிக்காமப் போலாம். ரத்த ஓட்டம் இல்லாம அந்தத் தலையே செத்துப் போலாம். அப்பறம் மறுபடியும் அறுக்கணும்."

"இன்னொன்னு?"

"ஒடஞ்ச தலைய எடுத்துட்டு இரும்புத் தலை ஒன்ன வெக்கிறது. நோவு சீக்கிரம் அடங்கும். ஆனா கை ரொம்ப மேல போவாது."

ஏசுதாசனுக்குப் பால் மங்கு ஞாபகம் வந்திச்சு. ரப்பர் பால் புடிக்க மரத்துல கட்டுற மங்கு ஒடஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற மங்கு கட்டுவாங்க. ஒட்ட வெச்சி யாரும் அவரு பாத்ததில்ல.

"எது நல்லது டாக்டர்?"

டாக்டரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "நெஜத்தச் சொல்லவா? எனக்கே தெரியல. பெரிய டாக்டருங்கள்லயே ஒருத்தரு இதுங்கிறாரு, ஒருத்தரு அதுங்கிறாரு. வியாழக்கிழம ஸ்பெஷலிஸ்ட் வருவாரு. அன்னைக்கி விட்டா அப்பறம் ரெண்டுமே கஷ்டம்." அப்பறம் பிரிஜெட்டப் பாத்துக் கேட்டாரு, "அம்மா வீட்டுல என்னா வேல செய்வாங்க? கை எதுக்கெல்லாம் வேணும்?"

ஏசுதாசன் வாயத் தொறக்கப் போனாரு. பிரிஜெட் தலைய லேசா ஆட்டுனாங்க, சொல்லாதேன்னு.

"சும்மா வீட்டு வேலதான் டாக்டர்," அப்படின்னு சொல்லிட்டாரு. "சமையல், துணி தொவைக்கிறது. கை பழையபடி ஆனா போதும்."

மறைச்சது எதன்னா, ரூத்த.

ரூத்து அவங்க மவ. ஒரே புள்ள. முப்பது வயசு. மூணு வயசுல வந்த காய்ச்சல் ரெண்டு காலையும் எடது கையையும் எடுத்துட்டுப் போயிருச்சு. வாய மட்டும் விட்டுட்டுப் போயிருச்சுன்னு ரூத்தே சொல்லும். அந்தப் புள்ளையக் காலையில தூக்கி ஒக்கார வெச்சி, கக்கூஸுக்குத் தூக்கிட்டுப் போயி, குளிப்பாட்டி, தல வாரி, மறுபடி தூக்கிப் படுக்க வெச்சி, இருவத்தேழு வருசமா பிரிஜெட்டோட அந்தக் கைதான் தூக்குனது. சின்னதுலேருந்தே தாய்தான் தூக்குனது; வயசுக்கு வந்தப்பறம் தகப்பன் கிட்டயும் போறதில்ல. பொம்பள வேலைன்னா ஏசுதாசன் வெளிய போயி கொழாயடியில நிப்பாரு. அதுதான் வீட்டு வழக்கம்.

முன்ன ஒரு தடவ வெல்ஃபேர்லேருந்து ஒரு அம்மா காருல வந்து, "இந்தப் பிள்ளையை ஹோமில் சேத்துவிடலாம்"னு பேப்பரோட ஒக்காந்திருச்சு. பிரிஜெட் அன்னைக்கிப் போட்ட சத்தத்துல தோட்டத்துக் கணக்கு பாக்குற கிராணியாரோட பங்களா வரைக்கும் ஆள் கூடிருச்சு. அன்னையிலேருந்து வெளி ஆளுங்ககிட்ட, அதுலயும் கவர்மெண்ட் ஆளுங்ககிட்ட, எங்களுக்கு ஒரு மவ இருக்கான்னு ரெண்டு பேரும் சொல்றதே இல்ல. டாக்டரும் கவர்மெண்ட்தானே.

டாக்டரு போனதும் பிரிஜெட் கேட்ட மொத வார்த்த, "ரூத்து சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"பொய் சொல்லாத. ஒன் மூஞ்சியே சொல்லுது."

"நீ மொதல்ல ஒன் கையப் பாரு."

"என் கையப் பாக்கச் சொல்லாத. இந்தக் கை அவளத் தூக்கணும். தூக்குற மாதிரி எது ஆவுமோ அதச் செய்யச் சொல்லு. இல்லன்னா இதை வெட்டி நாய்க்குப் போடு." சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பப் போயி, நோவுல பல்லக் கடிச்சாங்க.

வெளிய வராந்தாவுல நின்னப்ப அம்மாசி வந்தாரு. அந்த வார்டுல ஆளுங்களத் தள்ளுவண்டியில தள்ளிட்டுப் போற அட்டெண்டன். நடந்ததக் கேட்டுட்டு, "இதுக்கா இப்படி நிக்கிறீங்க? ரெண்டு ஆபரேஷனும் செஞ்சவங்க இருக்காங்கண்ணே. போயி பாருங்களேன்," அப்படின்னாரு. "பாடாங் செராயில ராமையான்னு ஒருத்தரு, கோயிலுக்குப் போற சந்துல வீடு. அவருக்கு பிளேட்டு. கோலா கெத்தில்ல அழகம்மான்னு ஒரு கிழவி, பசார்கிட்ட வடை போடுது. அதுக்கு இரும்புத் தலை. நானேதான் தள்ளிட்டுப் போனேன் ரெண்டு பேரையும்."

ஏசுதாசனுக்கு மூச்சே அப்பதான் வந்திச்சு. லோரி வாங்கறதுன்னாகூட ரெண்டு லோரியப் பாத்துட்டுத்தானே வாங்குவோம்னு நெனச்சாரு.

வீட்டுக்கு வந்தா, வாசல்லயே பக்கத்து வீட்டு பாப்பம்மா இடுப்புல கைய வெச்சிக்கிட்டு நிக்குது. காலையில பால் எடுக்க மரம் வெட்டப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ரப்பர் பால நிறுத்துக் கொடுத்துட்டு வந்து ஒரு தடவ, ரூத்தத் தூக்குறது இப்ப பாப்பம்மாதான்.

"அண்ணே, உங்க மவ நேத்துலேருந்து தண்ணி குடிக்க மாட்டேங்குது. ஒதட்டப் பாருங்க, வெடிச்சிக் கெடக்கு. சோறும் ரெண்டு வாய்தான்."

உள்ள ரூத்து செவுத்துல சாஞ்சி ஒக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்திச்சு.

"ஏம்மா தண்ணி குடிக்கல?"

"தாகம் எடுக்கல."

"இந்த வெய்யில்லயா?"

ரூத்து ரேடியோவ நிறுத்திச்சு. "அப்பா, தண்ணி குடிச்சா போவணும். போவணும்னா பாப்பம்மா அக்கா தூக்கணும். அது நூத்துக்கணக்குல மரம் வெட்டிட்டு வந்து என்னையும் தூக்க, அது என்னா மனுசியா, உங்க லோரியா?"

வெளிய நின்ன பாப்பம்மா, "அடி, வாய் மட்டும் கொறையல பாரு!"ன்னு சிரிச்சிச்சு. ஆனா இடுப்புலேருந்து கைய எடுக்கல.

ரூத்து சத்தத்தக் கொறச்சி, "உபதேசியார் வந்துட்டுப் போனாரு," அப்படின்னிச்சு. உபதேசியார்னா தோட்டத்து மாதா கோயில்ல ஜெபம் நடத்துறவரு. "பினாங்குல சிஸ்டருங்க ஹோம்ல ஒரு கட்டில் காலியா இருக்காம். இந்த வாரத்துக்குள்ள சொல்லணுமாம். நான் தூங்குறேன்னு நெனச்சி பாப்பம்மா அக்காகிட்ட சொன்னாரு."

"அதெல்லாம் யாரும் ஒன்ன அனுப்பப் போறதில்ல. அம்மா கை சரியாயிரும். நாளைக்கி நான் பாடாங் செராய் போறேன்."

"அங்க என்னா?"

"கை பாக்க."

"ஜோசியம் கத்துக்கிட்டீங்களா, எப்ப?" ரூத்து சிரிச்சிச்சு. சிரிச்சதுல ஒதட்டு வெடிப்புலேருந்து ரத்தம் வந்திச்சு. ஏசுதாசன் வெளிய போயி கொழாயடியில நின்னாரு. நின்னு அழுதாரு.

மறுநாளு பொண்ணு பாக்கப் போற மாதிரி வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு பஸ் ஏறுனாரு. சுங்கை பட்டாணியில மாறி, பாடாங் செராய்ல எறங்கி, விசாரிச்சுப் போனாரு. ராமையா நல்ல கட்டையான ஆளு, செம்பனத் தோட்டத்துல எண்ணெப் பனங்கொல வெட்டுனவரு. மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்து தோளு போனதாம். அவரு சம்சாரம் பிரேமாவதி காப்பி போட்டுக் கொடுத்தாங்க.

"நல்லா இருக்குண்ணே! ரொம்ப நல்லா இருக்கு," அப்படின்னாரு ராமையா, கேக்கறதுக்கு முன்னாடியே. "உங்க சம்சாரத்துக்குத் தைரியமாச் செய்யுங்க. பிளேட்டுதான் நல்லது. இங்க பாருங்க."

எந்திரிச்சு நின்னு அந்த வலது கையத் தூக்குனாரு. காது வரைக்கும் போச்சு. ஏசுதாசனுக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. அப்பாடா, இதுதான், முடிஞ்சிச்சுன்னு நெனச்சாரு. மூஞ்சி எல்லாம் சிரிப்போட, கர்த்தர் இருக்காருன்னு மனசுல ஒரு வார்த்த சொல்லிக்கிட்டாரு. கை மேல போனப்ப ராமையாவோட ஒடம்பு மொத்தமும் அந்தப் பக்கம் சாஞ்சதப் பாத்தும் பாக்காத மாதிரிதான் இருந்தாரு.

கெளம்புறப்ப, "வெறுங்கையோட போவக் கூடாது"ன்னு ராமையா ஒரு சீப்பு ராஜா வாழப்பழம் எடுத்தாரு. எடுத்து நீட்டுனது எடது கையால.

நீட்டுன ராமையாவும் அப்படியே நின்னாரு. வாங்கப் போன ஏசுதாசனும் நின்னாரு. எடது கையால யாராவது வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கொடுப்பாங்களா? தெரிஞ்ச மனுசன் செய்வாரா? பிரேமாவதி சட்டுனு வந்து பழத்த வாங்கி, அவங்க வலது கையால கொடுத்தாங்க. கொடுத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே," ராமையா கொரலு இறங்கிப் போச்சு. "தூக்கிக் காட்டலாம், ஒரு தடவ. காட்டுனா அப்பறம் ரெண்டு நாளைக்கி ஒத்தடம். அந்தக் கையில எதையும் புடிச்சித் தூக்க முடியாது. ஸ்க்ரூ ஒன்னு லூஸாயி மறுபடி அறுத்து எடுத்தாங்க. உள்ள இன்னும் என்னமோ குத்துது."

"பின்ன ஏன் நல்லா இருக்குன்னீங்க?"

"ஆபரேஷனுக்குப் போறவங்ககிட்ட போயி கெட்ட வார்த்த சொல்லுவாங்களா? நாளைக்கி ஒன்னு ஆனா, ராமையா வாய் வெச்சான்னு ஆயிரும்." வாசல் வரைக்கும் கூட வந்து, "எனக்கு அப்படி. உங்க சம்சாரத்துக்கு நல்லா வரலாம். யாரு கண்டா?" அப்படின்னாரு.

பஸ்ஸுல பழம் மடியில கெடக்க, ஏசுதாசன் ஜன்னல் கம்பியில தலைய முட்டிக்கிட்டே வந்தாரு. யாரு வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. அவரே எத்தன பேருக்கு சொல்லியிருக்காரு! ஆஸ்பத்திரியில நர்ஸ் மிஸ்ஸி ஊசி போட வந்தா, அழுவுற பக்கத்துக் கட்டில் ஆளுக்கு வலிக்காதுன்னு சொன்னவரு அவருதான். அப்பறம் எந்தக் கைய நம்பி முடிவு பண்றது?

புதன்கிழம கோலா கெத்தில். இந்தத் தடவ வெள்ளச் சட்டையெல்லாம் போடல.

அழகம்மா பசார் ஓரத்துல ஒரு தகரக் கொட்டாயில அடுப்புக்கு முன்னால ஒக்காந்திருந்திச்சு. எழுவது வயசு இருக்கும். வந்த வெவரத்தச் சொன்னதும், "நல்லாத்தான் இருக்கு சாமி, ஒரு கொறையும் இல்ல,"ன்னு ஆரம்பிச்சிச்சு.

"ஆத்தா, அப்படிச் சொல்லாதீங்க. கும்புட்டுக் கேக்குறேன். நெசத்தச் சொல்லுங்க."

கெழவி அவர ஒரு பார்வ பாத்திச்சு. "ஏன், நேத்து எவனாவது பொய் சொன்னானா?"

"பொய் இல்ல. மரியாத."

அது சத்தமா சிரிச்சிச்சு. "சரி, பாரு." கையத் தூக்குனா நெஞ்சு வரைக்கும்தான் வந்திச்சு. அதுக்கு மேல ஒரு விரக்கடகூட போவல. "இம்புட்டுதான் இரும்புத் தலை. ஆனா நோவு இல்ல. மழ வர்ற அன்னைக்கி மட்டும் கொஞ்சம் பேசும். மாவாட்டுவேன், வடை தட்டுவேன், தண்ணி வாளி தொங்கவிட்டுத் தூக்குவேன். காலையில துன்னூறு பூசணும்னா இப்படி." நெத்தியக் குனிஞ்சி கைகிட்ட கொண்டாந்து காட்டிச்சு. "மொதல்ல சிரிப்பா இருந்திச்சு. இப்ப பழகிப் போச்சு."

"ஆளத் தூக்க முடியுமா ஆத்தா?"

"என்னாது?"

"ஆள. ஒரு மனுசிய. இப்படி ரெண்டு கையையும் அடியில விட்டு."

"ஏஞ்சாமி, ஒன் பொண்டாட்டி என்னா குஸ்திக்கா போறா?"

அப்பதான் அவரு சொன்னாரு. ஏன் சொன்னாருன்னு அவருக்கே தெரியாது. இத்தன வருசமா வெளியில ஒரு ஆளுகிட்ட சொல்லாதத, முன்னப்பின்ன தெரியாத வடைக் கெழவிகிட்ட, எண்ணெ கொதிக்கிற சட்டிக்கு முன்னால குந்திக்கிட்டு அத்தனையும் சொன்னாரு. காய்ச்சல், வெல்ஃபேர் அம்மா, காலியா இருக்குற கட்டில், குடிக்காத தண்ணி.

அழகம்மா வடைய எண்ணெயில போடறத நிறுத்திருச்சு.

"அட பாவி மனுசா. இதக் கேக்கவா ஊரு ஊரா சுத்துற? நான் சொல்லிடறேன் கேட்டுக்க. அறுவது வயசுக்கு மேல தோளு ஒடஞ்சவ கையில பிளேட்ட வெச்சாலும் சரி, இரும்ப வெச்சாலும் சரி, தங்கத்துலயே செஞ்சு வெச்சாலும் சரி, வளந்த ஆளத் தூக்க முடியாது. அவ தூக்குன காலம் போயிருச்சு."

ஏசுதாசன் ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டாரு.

"ஒன் கைக்கு என்னா?" கேட்டிச்சு கெழவி.

"எனக்கா?"

"ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு? கிழிஞ்ச சட்டைக்குள்ள தெரியுதே, உருட்டுக்கட்ட மாதிரி."

"ஆத்தா, வயசுக்கு வந்த பொண்ணு அது!"

"வந்து எத்தன வருசமாச்சு? இன்னும் சடங்கு பந்தலப் பிரிக்கலையா நீ?" சுள்ளுனு வந்திச்சு அதுகிட்டேருந்து. "சரி, எனக்கென்னா. நீ பெத்தவன், நீ யோசி." ஒரு பொட்டலம் வடை கட்டிக் கொடுத்திச்சு. காச வாங்க மாட்டேன்னிருச்சு.

கோவமாத்தான் பஸ் ஏறுனாரு. என்னா பேச்சு பேசுது கெழவின்னு. ஆனா சுங்கை பட்டாணி வர்றதுக்குள்ள கோவம் போயி பயம் வந்திருச்சு. நாளைக்கி வியாழன். டாக்டருகிட்ட என்னா சொல்றது? பிரிஜெட்டுகிட்ட என்னா சொல்றது, ஒன் கை இனிமே தூக்காதுன்னா? அத விட அவள வெட்டிப் போட்டுரலாம். உபதேசியார் மூஞ்சி வந்திச்சு. ஹோம் கட்டில் வந்திச்சு. ரெண்டு பக்கமும் வெள்ளத் துணி விரிச்ச கட்டில் வரிசை, நடுவுல ரூத்து, பேச ஆளு இல்லாம.

லயத்துக்குள்ள நொழையும்போதே பாப்பம்மா வீடு பூட்டிக் கெடக்குது. எதுத்த வீட்டுக்காரரு சொன்னாரு, "அதோட மவளுக்கு வலி எடுத்துருச்சாம், கூலிம் ஆஸ்பத்திரிக்கு ஓடிருச்சு. மத்தியானமே போயிருச்சு அண்ணே. பொம்பளைங்க எல்லாம் பசாருக்குப் போயிருக்காங்க, வந்ததும் சொல்றேன்."

மத்தியானமே! ஏசுதாசன் ஓடுனாரு.

கதவத் தொறந்ததும் வாடை. ரூத்து செவுத்தோரமா சரிஞ்சி கெடந்திச்சு. பாயி நனஞ்சிருந்திச்சு. இத்தன நாளு தண்ணி குடிக்காம இருந்தும் நடக்கக் கூடாதது நடந்திருச்சு. நல்ல கையால பாவாடைய இழுத்து இழுத்து ஈரத்த மறைக்கப் பாத்துக்கிட்டு இருந்திச்சு.

"வராதீங்கப்பா! வெளிய போங்க!"

அவரு காலு தன்னால பின்னாடி போச்சு. பழக்கம். வாசப்படி தாண்டி கொழாயடி வரைக்கும் வந்துட்டாரு. அங்க நின்னாரு. பொம்பளைங்க யாராவது வர்றாங்களான்னு ரோட்டப் பாத்தாரு. யாரும் வரல. உள்ளேருந்து அழுகச் சத்தம். ரூத்து அழுது அவரு கேட்டதில்ல. அது திட்டும், கிண்டல் பண்ணும், அழுவாது.

கையில வடைப் பொட்டலம் இன்னும் சூடா இருந்திச்சு. அதக் கொழாய் திட்டு மேல வெச்சாரு. வெச்சிட்டு, கதவுகிட்டப் போயி, உள்ள பாக்காம, செவுத்தப் பாத்துக்கிட்டுப் பேசுனாரு.

"ரூத்து. நான் கோலா கெத்தில் போனேன். பாடாங் செராயும் போனேன். ரெண்டு கையும் பாத்துட்டேன்." நெத்திய செவுத்துல வெச்சிக்கிட்டாரு. "அம்மா கை இனிமே ஒன்னத் தூக்காதும்மா. எத வெச்சாலும் தூக்காது. எனக்கு என்னா செய்யறதுன்னு தெரியல. நீ சொல்லு. நீ சொல்றபடி கேக்குறேன்."

அழுகச் சத்தம் நின்னிருச்சு. எதுத்த வீட்டுக் கோழிங்கதான் கெளறிக்கிட்டு இருந்திச்சுங்க.

"அப்பா."

"என்னாம்மா."

"கொடியில அம்மா கைலி இருக்கும். எடுத்து உள்ள தூக்கிப் போடுங்க. பாக்காதீங்க."

போட்டாரு. உள்ள என்னமோ இழுக்குற சத்தம், மூச்சு வாங்குற சத்தம். லயத்துப் பொம்பளைங்க பொதுக் கொழாயில குளிக்கிறப்ப நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டுவாங்களே, அப்படி அது தானே கட்டிக்கிச்சு. ஒரு கை, மிச்சத்துக்குப் பல்லு.

"வாங்க. இப்ப வாங்க."

போனாரு. கண்ண மூடிக்கிட்டே குனிஞ்சி ஒரு கைய முதுகுக்கு அடியிலயும் ஒரு கைய முட்டிக்கு அடியிலயும் விட்டுத் தூக்குனாரு. பாரமே இல்ல. லோரியில ரப்பர் சீட்டுக் கட்டு ஏத்துனவருக்கு இதெல்லாம் ஒரு பாரமா? மூணு வயசுல அந்தக் காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்கு ஓடுனப்ப கடைசியா தூக்குனது. இத்தன வருசமா இந்தப் புள்ள என்னா பாரம்னுகூட அவருக்குத் தெரியாது.

"கண்ணத் தொறங்க, சாமி. கால்வாயில விழுந்து நீங்களும் தோள ஒடச்சிக்காதீங்க," அப்படின்னிச்சு ரூத்து, அவரு கழுத்தப் புடிச்சிக்கிட்டு. அது பழைய ரூத்துதான்.

குளிக்கிற எடத்துல ஒக்கார வெச்சி, முதுகுப் பக்கமா நின்னுக்கிட்டு தண்ணி மொண்டு மொண்டு ஊத்துனாரு. சோப்ப அதுகிட்டயே கொடுத்தாரு. எட்டாத எடத்துக்கு மட்டும் கைலி மேலயே தேச்சி விட்டாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கல. ரெண்டு பேரும் அழுதுக்கிட்டுதான் இருந்தாங்க, தண்ணியோட தண்ணியா.

பொம்பளைங்க பசார்லேருந்து திரும்பி வந்தப்ப ரூத்து காஞ்ச பாயில ஒக்காந்து வடை தின்னுக்கிட்டு இருந்திச்சு.

"அப்பா, தண்ணி கொடுங்க."

ஒரு மங்கு கொடுத்தாரு. குடிச்சிச்சு. "இன்னொன்னு." அதையும் குடிச்சிச்சு. பெரிய செம்புலயே கொண்டாந்தாரு. கழுத்து வழியா வழிய வழிய குடிச்சிச்சு, மூச்சு விடாம.

வியாழக்கிழம காலையில பாப்பம்மா கூலிம்லேருந்து வந்துருச்சு, பேத்தி பொறந்திருக்குன்னு. அத ரூத்துகூட ஒக்கார வெச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரு.

டாக்டர் நடராஜா கட்டில்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தாரு. "என்னா அங்கிள், முடிவு பண்ணிட்டீங்களா?"

"டாக்டர், எங்களுக்கு ஒரு மவ இருக்கு." பிரிஜெட் தலையத் தூக்குனாங்க, கண்ணாலயே அடக்குனாங்க. அவரு நிறுத்தல. "நடக்காது. இந்தக் கைதான் அதத் தூக்கிக்கிட்டு இருந்திச்சு. அதுக்குத்தான் கை வேணும்னு கேட்டோம். பயந்துக்கிட்டு மறைச்சிட்டேன்."

டாக்டருக்கு மூஞ்சி செவந்துருச்சு. "இத ஏன் அங்கிள் மொதல்லயே சொல்லல? நான் அதத்தானே கேட்டேன், கை எதுக்கு வேணும்னு! எது செஞ்சாலும் ஆளத் தூக்கறதுக்கு அந்தத் தோள நம்ப முடியாது. தூக்குனா பிளேட்டும் பிச்சிக்கும், இரும்பும் கழண்டுக்கும்." அப்பறம் கொஞ்சம் தணிஞ்சி, "ஸ்பெஷலிஸ்ட் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் பேசுங்க," அப்படின்னுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு.

பிரிஜெட் மேல மோட்டப் பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க.

"பாப்பம்மா மவளுக்குப் புள்ள பொறந்துருச்சாமே. மிஸ்ஸி சொன்னா. கூலிம் ஆஸ்பத்திரியிலேருந்து பாப்பம்மா போன் போடச் சொல்லிச்சாம்."

"ஆமா. பொம்பளப் புள்ள."

"அப்ப நேத்து யாரு பாத்தா ரூத்த?"

ஏசுதாசன் கட்டில் கம்பியப் புடிச்சிக்கிட்டாரு. "நான்தான்."

"நீன்னா?"

"நான்தான் தூக்குனேன். அவதான் வரச் சொன்னா. கைலி கட்டிக்கிட்டா. காலையிலயும் நான்தான்."

பிரிஜெட் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. திட்டுவாங்கன்னு காத்திருந்தாரு. திட்டல. கட்டாத தோளு குலுங்கிச்சு, கட்டுன தோளு அசைய முடியாம அப்படியே இருந்திச்சு.

"அப்ப நான் எதுக்கு?" அப்படின்னாங்க, ரொம்ப மெதுவா. "இனிமே நான் எதுக்கு இருக்கேன்?"

கோலா கெத்தில் கெழவிகிட்ட இதக் கேக்காம வந்துட்டோமேன்னு இருந்திச்சு.

"அவ தலைய நான் வாரல," அப்படின்னாரு கடைசியா. "வாரத் தெரியல. சிக்கு புடிச்சிக் கெடக்குது. இழுத்தேன், கத்துனா. அம்மா வரட்டும்னுட்டா."

பிரிஜெட் எடது கையால கண்ணத் தொடச்சாங்க.

"தேங்கா எண்ண வெச்சி, நுனியிலேருந்து வாரணும். அடியிலேருந்து இழுத்தா வராது." மூக்க உறிஞ்சிக்கிட்டு, "தல வார்றதுக்கு எம்புட்டு ஒசரம் வேணும் கை?"

"அவ கீழதானே ஒக்காந்திருப்பா. நெஞ்சு மட்டத்துக்கு வந்தா போதும்."

"அம்மாசி சொன்ன அந்தக் கெழவிக்கு எது வரைக்கும் போவுது?"

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"அப்ப சொல்லு."

சொன்னாரு. ராமையா எடது கையால பழம் நீட்டுனத, அழகம்மா துன்னூறு பூச குனிஞ்சத, ஒன்னு விடாம சொன்னாரு. பிரிஜெட் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஸ்பெஷலிஸ்ட் வார்டுக்குள்ள வர்ற சத்தம் கேட்டிச்சு, மிஸ்ஸிங்க ஓடுனாங்க.

"அவரு வந்தா இரும்ப வெக்கச் சொல்லு," அப்படின்னாங்க பிரிஜெட். "நோவு இல்லாம இருந்தாதான் அவ தலையில கை வெக்க முடியும். போ, போயி சொல்லு. மவ இருக்கான்னும் சொல்லு."